மாடி பாத்ரூம்ல தாத்தா காலத்து இரும்பு பாத்டப், எனாமல் தேஞ்சு போச்சு. கோட்டிங் அடிக்கலாமா, எடுத்துட்டு புதுசு போடலாமா?

தாழ்வாரத்து_வீடு (பாண்டி)

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரில வைசியாள் வீதிக்கு பக்கத்துல எங்க அம்மாவோட பொறந்த வீடு. கீழ திண்ணை, தாழ்வாரம், முற்றம்னு நம்ம ஊர் கட்டு, மாடி மட்டும் பிரெஞ்சுக்காரங்க ஸ்டைல்ல உசரமான ஜன்னல் வச்ச கட்டு, இங்க பல வீடு அப்படித்தான் இருக்கும். எங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சு மிலிட்டரில இருந்து பென்ஷன்ல வந்தவரு. 1962க்கு அப்புறம் ஊர விட்டு போன ஒரு பிரெஞ்சு குடும்பத்துக்கிட்ட இருந்து ஒரு பாத்டப்ப வாங்கி மாடி பாத்ரூம்ல போட்டாரு. அஞ்சரை அடி நீளம், நாலு கால், விளிம்பு உருட்டி விட்ட மாதிரி இருக்கும். அதுலதான் இப்ப பிரச்சனை.

வருஷக்கணக்கா யாரும் அந்த பாத்ரூம புழங்கல. டேப்பு சொட்டிக்கிட்டே இருந்திருக்கு, போர் தண்ணி, அதனால டேப்புக்கு கீழ இருந்து ஓட்டை வரைக்கும் செம்பழுப்பா ஒரு நீளக்கோடு. அடிப்பாகம் பூரா பளபளப்பு போயி கைய வச்சா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. தண்ணி போற ஓட்டைய சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை தேஞ்சு கருப்பா தெரியுது. விளிம்புல ரெண்டு இடத்துல புளியங்கொட்டை சைஸுக்கு சில்லு பேந்திருக்கு, அதுல துரு. போன மாசம் க்ளீன் பண்ண வந்தவரு எங்கள கேக்காமயே டாய்லெட் கழுவுற ஆசிட்ட ஊத்தி அரை மணி நேரம் ஊறவிட்டுட்டாரு, அதுக்கப்புறம் இன்னும் மங்கலாயிடுச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

விசாரிச்சதுல ஒருத்தர் எனாமல் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா புதுசாயிடும்ங்கறாரு, இன்னொருத்தர் ஸ்ப்ரே கோட்டிங் ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்ங்கறாரு, எங்க அண்ணன் சம்மட்டியால உடைச்சு எடுத்துட்டு அக்ரிலிக் டப் போட்டுடலாம்ங்கறான். அம்மா மட்டும், அப்பா குளிச்ச தொட்டி, உடைக்காதீங்கன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. அம்மாவுக்கு 71 வயசு, வீசிங் இருக்கு, முட்டி வலியும் இருக்கு, வெந்நீர்ல உக்காந்தா இதமா இருக்கும்னு ஆசைப்படறாங்க. இந்த மாதிரி டப்ப யாராவது சரி பண்ணியிருக்கீங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

சிப்காட்_மெயின்டனன்ஸ் (கடலூர்)

அக்கா, நான் டப்பு வேலை செய்யறவன் இல்ல, ஆனா கடலூர் சிப்காட்ல கெமிக்கல் பிளான்ட்ல பதினெட்டு வருஷமா கிளாஸ் லைன்டு ரியாக்டர் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க டப்பும் அந்த ரியாக்டரும் ஒரே ஜாதி. ரெண்டுமே இரும்பு மேல கண்ணாடிய உருக்கி ஒட்டினதுதான். அதனால மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எனாமல்னா பெயின்ட் கடைல டப்பால விக்கற எனாமல் பெயின்ட் கிடையாது, பேரு மட்டும்தான் ஒண்ணு. இது கண்ணாடித்தூள், 800 டிகிரிக்கு பக்கத்துல சூடு காட்டி இரும்போட சேத்து உருக்கினது. வீட்ல வச்சு யாராலயும் அத திரும்ப போட முடியாது. எங்க ரியாக்டர்ல கண்ணாடி போச்சுன்னா ஃபாக்டரிக்கு அனுப்பி, பழசு பூராத்தையும் மணல் அடிச்சு எடுத்துட்டு, ஃபர்னஸ்ல ஏத்தி திரும்ப உருக்கணும். சின்ன ஓட்டைன்னா டான்டலம்னு ஒரு உலோகத்துல பிளக் போட்டு அடைப்போம். வீட்டு டப்புக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது, பழைய வார்ப்பிரும்ப ஃபர்னஸ்ல ஏத்தினா விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு. ஆக யார் வந்து ரீ-எனாமல் பண்றேன்னு சொன்னாலும் அவர் அடிக்கப்போறது எபாக்ஸியோ பாலியூரித்தேனோ, ஒரு பெயின்ட்டு. அது தப்புன்னு சொல்லல, ஆனா என்னத்துக்கு காசு குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணும்.

ஆசிட் விஷயம். எங்க ரியாக்டர் கண்ணாடி ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு அசையாது, அதுக்குன்னே செஞ்ச கலவை அது. பழைய காலத்து டப்பு எனாமல் பலதும் அந்த தரம் கிடையாது, எலுமிச்சம்பழச் சாறு ராத்திரி பூரா கிடந்தாலே மங்கிடும். டாய்லெட் ஆசிட் அரை மணி நேரம்னா மேல்தோல தின்னுருக்கும். இனிமே அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. இன்னொண்ணு, பாத்ரூம்ல ஆசிட் மிச்சம் இருக்கறப்ப பிளீச்சிங் பவுடர் போட்டுடாதீங்க, குளோரின் வாயு வரும், அம்மாவுக்கு வீசிங் வேற இருக்கு.

இப்ப அந்த கருப்பு. அத பாத்ததும் இரும்பு வெளிய வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க அக்கா. எனாமல் போடும்போது முதல்ல இரும்புல பிடிக்கறதுக்கு ஒரு அடிக்கோட் போடுவாங்க, அது பல டப்புல கருப்பா, கருநீலமா இருக்கும், அதுக்கு மேலதான் வெள்ளை. வெள்ளை தேஞ்சா அடிக்கோட் தெரியும். அதுவும் கண்ணாடிதான், துரு பிடிக்காது. ஒரு ஈரத்துணிய ராத்திரி அந்த கருப்பு மேல போட்டு வச்சுட்டு காலைல பாருங்க. துணில செம்பழுப்பா ஒட்டியிருந்தா இரும்பு, சுத்தமா இருந்தா அடிக்கோட். நகத்தால கீறியும் பாருங்க, கண்ணாடி வழவழன்னு இருக்கும். இத பாக்காம கோட்டிங் ஆளக் கூப்பிடாதீங்க.

---

மொசைக்_பாய் (கோட்டக்குப்பம்)

அக்கா அந்த செம்பழுப்பு கோடு போர் தண்ணில இருக்கற இரும்புக் கறை, அது எனாமல் தேஞ்சதே இல்ல, மேல படிஞ்சது. நாங்க மொசைக் தரை பாலிஷ் போடும்போது ஆக்ஸாலிக் பவுடர் போடுவோம்ல, அதுவே இதுக்கு கேக்கும். ஒரு மக்கு தண்ணில ஒரு ஸ்பூன், அதுக்கு மேல வேணாம், மூலைல தேச்சுப் பாத்து மங்கலாகலன்னா மட்டும் பஞ்சு துணில நனைச்சு கறை மேல போட்டு அஞ்சு நிமிஷம், அப்புறம் நல்லா தண்ணி விட்டு கழுவி சோப்பு போட்டு மறுபடி கழுவுங்க. கண்டிப்பா கிளவுஸ் போடணும், வாய்க்குள்ள போனா விஷம் அது, டப்பாவ குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க. ஒரே தடவைல போகலன்னா ரெண்டு நாள் விட்டு திரும்ப பண்ணுங்க, ஊறவிடாதீங்க. ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம், நாரோட துணுக்கு அந்த சொரசொரப்புல மாட்டி அதுவே துருப்பிடிச்சு புதுசா கறை குடுக்கும், நெறைய வீட்ல பாத்திருக்கேன்.

மொதல்ல டேப்புக்கு வாஷர் மாத்துங்க. சொட்டறது நிக்காம மீதி எது பண்ணினாலும் வீண்.

---

கெஸ்ட்ஹவுஸ்_அனுபவம் (பாண்டி)

நான் ஸ்ப்ரே கோட்டிங் ரெண்டு தடவை பண்ணவன், அதனால சொல்றேன், கொஞ்சம் பெருசா எழுதறேன் பொறுத்துக்கோங்க. கடற்கரை ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி எங்க சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல இதே மாதிரி ஒரு இரும்பு டப்பு. முதல் தடவை வந்தவர் காலைல பத்து மணிக்கு வந்தாரு, சோப்பு போட்டு கழுவினாரு, லேசா தேச்சாரு, சாயங்காலம் அடிச்சுட்டு போயிட்டாரு, ஐப்பசி மாசம் வெளிய மழை. பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷம் அதே மழைக்குள்ள ஓட்டைய சுத்தி தோல் உரிய ஆரம்பிச்சு, அப்பளம் மாதிரி துண்டு துண்டா வந்துச்சு, உள்ள தண்ணி நின்னு நாத்தம். அத உரிச்சு எடுக்க பட்ட பாடு முதல்ல இருந்த பழசவிட மோசம்.

ரெண்டாவது தடவை மரைன் பெயின்ட் வேலை தெரிஞ்ச ஒரு ஆள் பண்ணாரு, அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது இதுதான். அடிக்கறது ஒரு நாள்தான், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தேய்க்கற வேலை. தண்ணி போற ஓட்டைல மாட்டியிருக்கற வளையம், வேஸ்ட் கப்ளிங்னு சொல்வாங்க, அத கழட்டியே ஆகணும். அத வச்சுக்கிட்டு டேப் ஒட்டி அடிச்சா அந்த விளிம்புல இருந்துதான் உரியும், எங்களுக்கு அங்கதான் போச்சு. சிலிக்கான் ஒரு பொட்டு இருந்தாலும் பெயின்ட் ஒட்டாது, பிளேடு வச்சு சொரண்டி சுத்தமா எடுக்கணும். சில்லு பேந்த இடத்துல துருவ சொரண்டிட்டு எபாக்ஸி பட்டி வச்சு காஞ்சதும் சமமா தேய்க்கணும். வாட்டர் பேப்பர் வச்சு ஈரமாத்தான் தேய்க்கணும், பழைய எனாமல்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காஞ்ச தூசிய பறக்க விட்டா அத நாமதான் சுவாசிக்கணும். தேச்ச சேற துணில வழிச்சு எடுத்துடணும். அப்புறம் எபாக்ஸி ப்ரைமர், அதுக்கு மேல ரெண்டு பாகம் கலந்து அடிக்கற டாப் கோட். பாண்டில மழை சீசன்லயும் பனி மாசத்துலயும் காத்துல ஈரம் ஜாஸ்தி, மாசி பங்குனிதான் நல்லது. தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் தண்ணி விடாதீங்க, நாங்க விடல, ஆறு வருஷமா அப்படியே நிக்குது.

ஆனா அது கண்ணாடி இல்லங்கறத தினமும் ஞாபகம் வச்சுக்கணும். சொரசொர பவுடர் போட்டு தேய்க்கக் கூடாது, உறிஞ்சு புடிக்கற ரப்பர் மேட் போடக் கூடாது, மேட்ட எடுக்கும்போது பெயின்ட்டும் சேந்து வரும். டேப்பு சொட்டக் கூடாது.

மேலயே ஒரு பிளாஸ்டிக் ஓடு மாதிரி பொருத்தித் தரேன்னு சிலர் வருவாங்க. எங்களுக்கும் வந்தாங்க, நான் ஒத்துக்கல. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி போச்சுன்னா வெளிய வர வழியே இல்ல, உள்ளயே கெட்டுப் போகும்.

---

சிப்காட்_மெயின்டனன்ஸ் (கடலூர்)

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணே ஒண்ணு சேக்கணும், இது உயிர் விஷயம், தயவுசெஞ்சு படிங்க.

பழைய கோட்டிங்க உரிக்க பெயின்ட் ரிமூவர் கொண்டு வருவாங்க. அதுல பலதுல மெத்திலீன் குளோரைடு இருக்கும், பிளான்ட்ல நாங்க எம்டிசின்னு சொல்றது. 40 டிகிரிலயே கொதிச்சு ஆவியாயிடும், அந்த ஆவி காத்த விட கனம், மேல போகாது, டப்புக்குள்ளயே குளம் மாதிரி தேங்கும். வேலை செய்யறவர் டப்புக்குள்ள குனிஞ்சு தேய்க்கும்போது அந்தக் குளத்துக்குள்ளதான் அவர் மூக்கு இருக்கும். அமெரிக்கால 2000ல இருந்து 2011 வரைக்கும் பாத்டப் ரீஃபினிஷ் பண்ற வேலைல மட்டும் 13 பேர் இதால செத்திருக்காங்க, அந்த நாட்டு அரசாங்கம் 2012ல அறிக்கையே போட்டுச்சு. எல்லாம் காத்தோட்டம் பத்தாத பாத்ரூம். சாதாரண துணி மாஸ்க், கார்பன் மாஸ்க் எதுவும் இதுக்கு பத்தாது. நாங்க பிளான்ட்ல இத திறந்து வச்சு ஊத்தவே மாட்டோம், அப்படிப்பட்ட சாமான ஆறடிக்கு எட்டடி பாத்ரூம்ல ஊத்தறாங்கன்னு நினைச்சாலே எனக்கு பதறுது.

அக்கா, உங்க டப்புல பழைய கோட்டிங் கிடையாது, அதனால ரிமூவர் தேவையே இல்ல. யாராவது கொண்டு வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, அவருக்காகவும் சேத்துதான் சொல்றேன்.

ரெண்டு பாகம் கலந்து ஸ்ப்ரே பண்ற பாலியூரித்தேன்ல ஐசோசயனேட் இருக்கும், அது மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஆஸ்துமாவ கிளப்பி விடும். அடிக்கற அன்னிக்கும் அதுக்கப்புறம் வாசம் சுத்தமா போற வரைக்கும் அம்மா அந்த வீட்ல இருக்கக் கூடாது. கீழ இருந்தா பரவாயில்லைன்னு நினைக்காதீங்க, முற்றம் வச்ச வீட்ல மேல இருக்கறது கீழ இறங்கும்.

---

சுண்ணாம்பு_மேஸ்திரி (கடலூர் ஓ.டி.)

அம்மா, எல்லாரும் டப்ப பத்தி சொல்றாங்க, நான் அது உக்காந்திருக்கற தளத்த பத்தி கேக்கறேன். மாடின்னு சொன்னீங்க, பழைய வீடுன்னு சொன்னீங்க, அப்ப அது மெட்ராஸ் டெரஸ் தளமா இருக்கும், தேக்கு கட்டை போட்டு, அதுக்கு மேல செங்கல்ல குத்துக்கல்லா சுண்ணாம்புல அடுக்கினது. அந்த தளம் நல்லா இருந்தா நூறு வருஷம் நிக்கும். ஆனா டேப்பு வருஷக்கணக்கா சொட்டிச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த தண்ணி எங்க போச்சு?

கணக்கு போட்டுப் பாருங்க. அந்த சைஸ் வார்ப்பிரும்பு டப்பு குத்துமதிப்பா 130ல இருந்து 150 கிலோ. தண்ணி நிறைச்சா ஒரு 150 லிட்டர், ஆள் ஒருத்தர் 65 கிலோ. கிட்டத்தட்ட முந்நூத்தி அம்பது கிலோ, அதுவும் நாலு கால்ல, ஒரு கால் மேல தொண்ணூறு கிலோவுக்கு பக்கம். கட்டையோட நடுப்பாகம் அவ்ளோ சீக்கிரம் கெடாது, செவுத்துக்குள்ள போற முனைதான் ஓதம் ஏறி மக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது. டப்புக்கு நேர் கீழ இருக்கற ரூம்ல அண்ணாந்து பாருங்க. செங்கல் நடுவுல வெள்ளையா பூத்திருக்கா, கட்டைல கருப்புத் திட்டு இருக்கா, செவுத்துல கட்டை நுழையற எடத்துல பூச்சு உதிர்ந்திருக்கா. ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து முனைல குத்திப் பாருங்க, நல்ல தேக்குன்னா எறங்காது, மக்கியிருந்தா ரஸ்க்குல குத்தின மாதிரி எறங்கும். தானே புயலுக்கு அப்புறம் 2012 பூரா இந்த மாதிரி முனை மக்கின தளம்தான் நான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன், கடலூர்லயும் பாண்டிலயும், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். தளத்த பாக்கற வரைக்கும் அதுல தண்ணி நிறைச்சு அம்மாவ உக்கார வைக்காதீங்க.

உடைச்சு எடுக்கறதுன்னு அண்ணன் சொல்றாரே, அந்த தளத்து மேல சம்மட்டி போடவே கூடாதும்மா. அடிக்கற அடி பூரா சுண்ணாம்புக்கு போகும், எனாமல் சில்லு கண்ணாடித் துண்டு மாதிரி கண்ணுக்கு பறக்கும். எடுக்கணும்னு முடிவானா முழுசா ஆறு பேர் வச்சு கயிறு கட்டி எறக்கலாம், மாடிப்படி திருப்பத்த அளந்துட்டு.

---

தாழ்வாரத்து_வீடு (பாண்டி)

பத்து நாள் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தரும் இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு அம்மா தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க, நான் எல்லாத்தையும் அவங்களுக்கு படிச்சுக் காட்டினேன்.

தம்பி சொன்ன மாதிரி வெள்ளை காட்டன் துணிய நனைச்சு ஓட்டைய சுத்தி போட்டுட்டு படுத்தேன். காலைல துணி வெள்ளையாவே இருந்துச்சு, ஒரே ஒரு எடத்துல, கப்ளிங் விளிம்பு ஓரமா, பிறை மாதிரி மெல்லிசா துரு. கருப்புல விரல வச்சா வழவழன்னு இருக்கு, டார்ச் அடிச்சு பாத்தா கருநீலம். விளிம்புல இருக்கற ரெண்டு சில்லுலயும் துணி செம்பழுப்பாச்சு, அது இரும்புதான். வாஷர் மாத்தியாச்சு. பாய் சொன்ன ஆக்ஸாலிக் மூணு தடவை போட்டேன், முதல் தடவையே பாதி போச்சு, மூணாவது தடவைக்கு அப்புறம் அந்த நீளக்கோடு இருந்த எடம் லேசா மஞ்சள் தட்டின மாதிரி மட்டும்தான் இருக்கு. அம்மா நாக்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. சொரசொரப்பு மட்டும் அப்படியே இருக்கு, அது போகாதுன்னு இப்ப புரியுது.

மேஸ்திரி ஐயா, நீங்க சொன்னதுதான் சரியா போச்சு. கீழ ரூம்ல அண்ணாந்து பாத்தா ஒரு கட்டையோட முனைல கருப்பா இருந்துச்சு, அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் வச்சு குத்தினான், ரெண்டு விரக்கடை உள்ள போயிடுச்சு. அவன் முகமே மாறிடுச்சு, உடைக்கலாம்னு சொன்னத அன்னிக்கே விட்டுட்டான். இப்போதைக்கு பாத்ரூம பூட்டி வச்சிருக்கோம். கட்டைய மட்டும் மாத்தினா போதுமா, இல்ல தளத்த பிரிக்கணுமா?

---

சுண்ணாம்பு_மேஸ்திரி (கடலூர் ஓ.டி.)

ஒரு கட்டைதான்னா தளம் பிரிக்க வேணாம்மா. மொதல்ல அடியில முட்டு குடுங்க, இன்னிக்கே. மக்கின முனைய அறுத்துட்டு ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் போட்டு போல்ட் முடுக்கி, அந்த சேனல செவுத்துல கல் மேல உக்கார வைக்கலாம். செவுத்து ஓட்டைய சிமென்ட் போட்டு அடைக்காதீங்க, சுண்ணாம்புதான் போடணும், கட்டை மூச்சு விட காத்து வழி விடணும். அதோட பக்கத்துல இருக்கற ரெண்டு கட்டை முனையையும் குத்திப் பாத்துட்டு சொல்லுங்க, ஒண்ணு போயிருந்தா பக்கத்துலயும் இருக்கும். டப்ப அந்த வேலை முடியற வரைக்கும் நகத்தி நல்ல செவுத்து ஓரமா, கட்டைக்கு குறுக்க பலகை போட்டு அது மேல காலு நிக்கற மாதிரி வைங்க, கனம் நாலஞ்சு கட்டைக்கு பிரியும்.

---

கெஸ்ட்ஹவுஸ்_அனுபவம் (பாண்டி)

சகோதரி, கருப்பு அடிக்கோட்தான்னா, என்ன கேட்டா முழு கோட்டிங்கே வேணாம். சில்லு ரெண்டுலயும் கப்ளிங் ஓரத்துலயும் துருவ எடுத்து எபாக்ஸி வச்சு அடைச்சுட்டா துரு பரவாது. அடி சொரசொரப்பு அம்மாவுக்கு நல்லதுதான், அவ்ளோவா வழுக்காது. முட்டி வலின்னு சொன்னீங்க, டப்பு விளிம்பு தாண்டறதுதான் அவங்களுக்கு கஷ்டம், செவுத்துல ஒரு ஸ்டீல் கைப்பிடியும் பக்கத்துல உறுதியான ஒரு படியும் போடுங்க, கோட்டிங் காச அதுல போடுங்க.

---

தாழ்வாரத்து_வீடு (பாண்டி)

முட்டு குடுத்தாச்சு ஐயா. பக்கத்து கட்டை ரெண்டும் நல்லா இருக்கு, குத்தினா எறங்கல. தை பொறந்ததும் சேனல் வேலை ஆரம்பிக்கறோம், மாசில சில்லு அடைக்கறோம். அம்மா அதுக்குள்ளயே தாத்தா வச்சிருந்த அந்த பித்தளை சங்கிலி போட்ட ரப்பர் அடைப்பான எங்கயோ பரண்ல இருந்து தேடி எடுத்துட்டு வந்துட்டாங்க. ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சு, அதே சைஸுக்கு புதுசு பாண்டில எந்த பக்கம் கிடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க, குறுக்களவு ஒண்ணே முக்கால் இன்ச்.